ஒன்ஸ்மோர் அண்ணனின் கடைசி ஃபோர்செப்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை வாஷிங் மெஷின் அழுக்குத் தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று மகள் கேட்டாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். குழாய் அடைத்துக்கொண்டதற்கு இந்த வீட்டுக்குள் வெளியாள் வருவதா என்று அதற்கு அர்த்தம்.

பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்தார். மெஷினின் பின்பக்கக் குழாயைக் கழற்றி ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார். மறுமுனையில் நீளமான பிரஷ்ஷை நுழைத்துத் தள்ளினார். நூலும் முடியும் ஒரு சட்டைப் பொத்தானும் சுமந்துகொண்டு பிரஷ் அவள் பக்கம் தலைநீட்டியது. இனி இழுக்கவேண்டியதுதானே என்று அவள் கையை விலக்கினாள்.

"வெளியே வந்த பிரஷ்ஷைக் கழுவாம உள்ளே இழுக்கலாமா? வந்த அழுக்கை நாமே கூட்டிட்டுப் போய் விட்ட மாதிரி ஆயிடாதா?"

அவள் அலசினாள். அவர் இழுத்தார். குழாயின் முனையில் கண்ணை வைத்து ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை" என்றார்.

குழாய் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை. சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். குழாய் தேய்ந்து போவதற்குள் விட்டுவிடுங்கள் என்றாள். அப்படியே, பிஸ்கட் டின்னில் சுருட்டி வைத்திருக்கும் அந்தக் கம்பியை எப்போது ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகப்போகிறீர்கள், மாதக்கணக்காக நாளைக்கு நாளைக்கு என்றே ஓடுகிறதே என்றும் கேட்டாள்.

"நாளைக்கு" என்றார் அப்பா.

மெஷின் ஓடியது. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம். காரணத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பற்றி மகளுக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அவர் வேலையைப் பற்றி என்றால் சொல்லலாம்.

அந்த வேலையை ஒரே வரியில் சொன்னால் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வாய் வழியாகவோ பின்வழியாகவோ உடம்புக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரும் கேமராக் குழாய்க்கு ஆஸ்பத்திரியில் ஸ்கோப் என்று பெயர். ஒருவர் வயிற்றுக்குள் போய்வந்த ஸ்கோப்பைக் கழுவி, கிருமி நீக்கி, காயவைத்து அடுத்தவருக்குத் தயாராக்கித் தரவேண்டும். அதுதான் அப்பா செய்தது. முதலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். ஸ்கோப் கழுவுகிற அம்மாள் பிரசவத்துக்குப் போனபோது, ஒரு மாதத்துக்கு மட்டும் என்று அவரை அங்கே அனுப்பினார்கள். அந்த அம்மாளின் பிள்ளை கல்லூரிக்குப் போகிற காலம் வந்தும் அப்பா அங்கேயேதான் இருந்தார்.

எண்டோஸ்கோப்பி அறையை ஒட்டிய சின்ன அறை அது. இரண்டு ஆழமான ஸ்டீல் தொட்டிகள், சுவரில் காற்றுக்குழாய், ஸ்கோப்புகள் வால் தொங்கக் காயும் ஒரு கண்ணாடி அலமாரி. எதிரெதிரே இரண்டு சின்ன ஜன்னல்கள். அழுக்கு ஒன்றின் வழியாக வரும், சுத்தம் இன்னொன்றின் வழியாகப் போகும். இரண்டும் வழியில் முகம் பார்த்துக்கொள்ளவே கூடாது, மாமியார் மருமகள் மாதிரி என்பார். ஸ்கோப்புக்குள் காற்றேற்றித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று முதலில் பார்ப்பார். குமிழி வந்தால் எங்கோ ஓட்டை. வராவிட்டால் பிரஷ், சோப்பு, மருந்து, வடிகட்டிய தண்ணீர், ஸ்பிரிட், கடைசியில் காற்று. ஒவ்வொரு படியிலும் மற்றவர்கள் போதும் என்று நினைக்கும் இடத்தில் அவர் இன்னொரு தடவை என்பார். எண்டோஸ்கோப்பி அறையின் தலைமை நர்ஸ்தான் அவருக்கு ஒன்ஸ்மோர் என்று பெயர் வைத்தார். பட்டம் போல அது ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் ஓட்டுபவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் ஒன்ஸ்மோர் அண்ணன்.

அதில் அவருக்குப் பெருமைதான். அடக்கம் என்பது அவர் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மச்சான், கை கழுவிட்டுத்தான் சாப்பிட உக்கார்ந்தீங்களா என்று தாய்மாமா ஒருமுறை பந்தியில் எல்லோர் முன்னாலும் சீண்டினார். என் கையைப் பத்தி எனக்குக் கவலை இல்லை மச்சான், உன் தட்டைப் பத்தித்தான் யோசிச்சிட்டிருக்கேன் என்றார் அப்பா. மாமா தட்டை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். ஊர்க் குடலையெல்லாம் கழுவும் மனுஷன் வீட்டில் நாலு பாத்திரம் கழுவினால் என்ன என்று அம்மா கல்யாணமான புதிதில் கேட்டதுண்டு. அவரும் கழுவினார். ஊறவைத்தார், தேய்த்தார், அலசினார், கவிழ்த்தார், முகர்ந்து பார்த்தார், மறுபடி ஊறவைத்தார். சமைப்பதற்குச் சட்டி கிடைக்காமல் அம்மாவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு சமையலறையிலிருந்து வெளியேற்றினாள்.

ஸ்கோப் தவிர அவர் கொண்டாடிய இன்னொரு சாமான் உண்டு. ஸ்கோப்புக்குள் நீளவாக்கில் ஒரு துளை ஓடும். அதன் வழியாக டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்துவார். கம்பியின் நுனியில் எறும்பின் வாய் அளவுக்கு ஒரு குட்டி வாய். பிடியை அழுத்தினால் அது மூடி, பரிசோதனைக்குத் துளி சதையைக் கிள்ளி எடுத்துவரும். அதுதான் ஃபோர்செப்ஸ். கிதார் கம்பி போல நெருக்கிச் சுற்றிய சுருள்தான் அதன் உடம்பு. சில காலம் உழைத்ததும் சுருள் கோணும், வாய் இறுகும். மற்ற ஆஸ்பத்திரிகளில் தூக்கி எறிந்துவிடுவார்கள். அப்பா எறியமாட்டார். கோணலை விரலாலேயே நீவி நேராக்குவார். எண்ணெய் விடுவார். சுருளிலிருந்து இழை துருத்தினால் தேய்த்து அமுக்குவார். பிறகு நீராவியில் வேகவைத்துத் திரும்பவும் வேலைக்கு அனுப்புவார். இத்தனை முறைக்குமேல் வேண்டாம் என்று உறையில் அச்சடித்திருப்பதைக் காட்டினால், விக்கிறவன் பின்னே எப்படி எழுதுவான் என்பார்.

"என் கையில ஃபோர்செப்ஸ் சாகாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம்.

அந்த வாக்கியம்தான் அவர் கழுத்தைச் சுற்றியது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் சலூன் வைத்திருக்கும் முடிதிருத்துபவர் வயிற்று வலிக்கு ஸ்கோப் செய்துகொண்டார். இரண்டொரு நாளில் குளிர்காய்ச்சல். ரத்தத்தில் கிருமி. பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். அவரைப் பார்த்த ஸ்கோப்புக்குள் தண்ணீர் செலுத்திப் பிடித்து லேபில் வளர்த்துப் பார்த்தார்கள். அதே கிருமி வளர்ந்தது. அப்பா அந்த ஸ்கோப்பை மறுபடி தலைமுதல் வால்வரை கழுவினார். மறுபடி வளர்ந்தது. தலைமை நர்ஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் பார்க்க, மூன்றாம் முறை கழுவினார். மூன்றாம் முறையும் வளர்ந்தது.

ஆஸ்பத்திரியின் நிர்வாகி கெட்டவர் அல்ல. சலூன்காரரின் மனைவிக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர். கழுவுவதே வேண்டாம், ஸ்கோப்பிலிருந்து ஃபோர்செப்ஸ் வரை எல்லாவற்றையும் ஒருமுறை பயன்படுத்தி எறிவதாக வாங்கிவிடலாம் என்றார். அப்படி விற்கும் கம்பெனியின் ஆள் மாதிரிக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மாதக் கடைசியில் கூட்டம். முடிவானால் கழுவும் அறை அந்தப் பெட்டிகளை அடுக்கும் கிடங்காகிவிடும். அப்பா மறுபடி சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கப் போகவேண்டும்.

மடிப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஒன்ஸ்மோர் அண்ணன் கழுவியதிலேயே கிருமியா என்று ஆட்கள் கேட்டார்கள். அதுதான் அவரை அரித்தது. சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எழுந்துபோனார். லிஃப்டில் ஏறாமல் படியேறினார், லிஃப்ட்காரர் முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று. கழுவுற மீனில் நழுவுற மீனாகக் கிருமி ஒன்று அவர் கையிலேயே இருந்துகொண்டு அவருக்குப் பிடி கொடுக்கவில்லை.

மகள் ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் குழாய்களைச் சோதிக்கும் பொறியாளர். அவள் வேலையும் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதுதான். அவர் குழாயில் மனுஷன், உன் குழாயில் நீராவி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அம்மா இருவரையும் சேர்த்துக் கேலி செய்வாள். துளையின் உட்புறத்தை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று மகள் கேட்டாள். ஸ்கோப் மற்றவர்கள் உள்ளே பார்க்கத்தான், ஸ்கோப்புக்குள் யார் பார்க்கிறார்கள் என்றார் அப்பா. அவளிடம் அதற்குப் போதுமான மெல்லிய கேமரா இருப்பதாகச் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது.

"என் கையை நம்பலையா நீ?"

"உங்க கையை நம்பறேன்பா. குழாயைத்தான் நம்பலை."

ஒரு பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம், அந்தக் கேமரா தண்ணீரில் நனையலாமா என்று கேட்டார். அதுதான் சம்மதம்.

தலைமை நர்ஸும் டாக்டரும் அனுமதித்தார்கள். மகள் தொழிற்சாலையில் சொல்லிவிட்டு அங்கிருந்த கேமராக்களில் மிக மெல்லியதை எடுத்துவந்தாள். அப்பா அதைத் தன் ஸ்கோப்புக்குள் சும்மா விட்டுவிடுவாரா? கொதிகலனுக்குள் போன கழுதை என் வீட்டுக்குள் அப்படியே வருமா என்று காலை முழுவதும் அதைக் கழுவினார். டாக்டர் இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். மகள் கைக்கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டாள்.

பிறகு கேமரா உள்ளே போனது. சின்னத் திரையில் வெள்ளையான சுவர்கள் வழுவழுப்பாக நகர்ந்தன. அப்பா தலைமை நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீங்களா சிஸ்டர், பளிங்கு என்றார். நுனிக்குச் சற்று முன்னால், ஸ்கோப் வளைந்துகொடுக்கும் இடத்தில், பளிங்கு முடிந்தது. சுவரெல்லாம் கீறல். பூனை பிறாண்டிய சோபா மாதிரி நார் நாராகக் கிளம்பி நின்றது. நார்களின் இடுக்கில் பழுப்பாக எதுவோ அப்பியிருந்தது. பிரஷ் அதன்மேல் தடவிக்கொண்டு போயிருக்கிறதே தவிர அதைத் தொடவில்லை. மருந்தும் தொடவில்லை. எத்தனை ஒன்ஸ்மோர் சொன்னாலும் தொட்டிருக்காது.

அப்பா எழுந்து அலமாரிக்குப் போனார். ஃபோர்செப்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பஞ்சுத்துண்டால் சுற்றிப் பிடித்து மெதுவாக உருவினார். முதலாவதில் பஞ்சு வழுக்கியது. இரண்டாவதிலும் வழுக்கியது. அடுத்ததில் ஓரிடத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டு நின்றது. சுருளிலிருந்து ஓர் இழை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, முள்ளாக எழும்பியிருந்தது. அவர் எப்போதோ தேய்த்து அமுக்கி அனுப்பிய இழை. கம்பி வளையும்போது அது எழுந்திருக்கிறது. ஸ்கோப் வளைந்த இடத்தில், போகும்போதும் வரும்போதும், ஒவ்வொரு முறையும் கீறியிருக்கிறது. அலமாரியில் அப்படி இன்னும் சில இருந்தன.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். தான் இழுத்துப் பிடித்து உயிர் கொடுத்த கம்பிதான் தான் உயிராக நினைத்த ஸ்கோப்பைக் கிழித்திருக்கிறது. இதை அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

தலைமை நர்ஸ் அவர்மேல் பிரியம் உள்ளவர். ஸ்கோப் பழசு, உள்ளே தேய்ந்துவிட்டது என்று கூட்டத்தில் சொல்லலாம், அதுவும் பொய்யில்லை, இந்தக் கம்பிகளை இன்றைக்கே குப்பைப் பெட்டியில் போட்டுவிடலாம் என்றார். அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகிறோம் என்று அவள் நினைத்தாள். அவர் தெருவைக் கடந்து எதிரே இருந்த சலூனுக்குள் நுழைந்தார்.

சலூன்காரர் மெலிந்துபோயிருந்தார். நாற்காலியில் யாரோ ஒருவர் முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்தார். முடிவெட்டவா என்று சலூன்காரர் கேட்டார். இல்லை, உங்களுக்குக் காய்ச்சல் வரவைத்தது நான் என்று சொல்லத்தான் வந்தேன் என்றார் அப்பா. நுரைக்காரர் கண்ணைத் திறந்தார். அப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கம்பி, இழை, கீறல், இடுக்கில் இருந்த அழுக்கு, எதையும் விடவில்லை. சலூன்காரர் கத்தியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு அந்தக் கத்தி அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கேட்டு முடித்ததும் அவர் கத்தியின் வாயைத் திறந்து பழைய பிளேடை ஒரு டப்பாவில் தட்டினார். புதிதாக ஒன்றை உறையிலிருந்து பிரித்து மாட்டினார்.

"அண்ணே, நான் என்ன செய்யறேன் பாருங்க. பிளேடு ஆளுக்கு ஒண்ணு. கத்திரியையும் சீப்பையும் கழுவி மருந்துல போடறேன். பிளேடைக் கழுவி அடுத்தவனுக்குப் போட்டா என்னை உதைப்பான். கத்திரியை ஆளுக்கு ஒண்ணு தூக்கி எறிஞ்சா நான் கடையை மூடிட்டுப் போகணும். நீங்க பிளேடைக் கழுவிட்டு இருந்திருக்கீங்க, அவ்வளவுதானே?"

அப்பா அந்தக் கத்தியைப் பார்த்தபடி நின்றார்.

"அவ்வளவுதான்" என்றார்.

"பெரிய படிப்பு படிச்ச ஆஸ்பத்திரியில என் சலூன் புத்தி இல்லாமப் போச்சே" என்று சலூன்காரர் நுரைக்காரரிடம் சொன்னார். பிறகு அப்பாவிடம் திரும்பி, எனக்கு உங்கமேல கோபம் இருக்கு, அதை ஒண்ணும் பண்றதுக்கில்லை, ஆனா நேர்ல வந்து சொன்னீங்க பாருங்க, அதனால இன்னிக்கு உங்க தாடையை மட்டும் விட்டுடறேன் என்றார். நுரைக்காரர்தான் முதலில் சிரித்தார். நுரை சட்டையில் விழுந்தது.

கூட்டத்துக்கு மகளும் போனாள், கேமரா எடுத்த படங்களைக் காட்டுவதற்காக. நீள மேஜை. ஒரு முனையில் நிர்வாகி, பக்கத்தில் டாக்டர், தலைமை நர்ஸ், கம்பெனி ஆள், அவர் காலடியில் அட்டைப்பெட்டி. மகள் படங்களைக் காட்டினாள். கீறல் எப்படி விழுந்தது என்று நிர்வாகி கேட்டார். தலைமை நர்ஸ் வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். பாக்கெட்டிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒரு ஃபோர்செப்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கழுவக்கூடாததைக் கழுவினேன் சார். அதுல வந்த வினை இது."

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றினார். அப்படியென்றால் தப்பு உங்கள்மேல் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஆமா சார். என் தப்பு, அதனாலதான் அது எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னு எனக்குத் தெரியும். இந்தக் கம்பிக்கு உள்ளே பிரஷ் போகாது. சுருளுக்குள்ளே என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. இதை ஆளுக்கு ஒண்ணா வாங்கி எறிஞ்சிடுங்க. நானே எறியறேன். ஸ்கோப்பு அப்படி இல்லை. அதுக்குள்ளே பிரஷ் போகும், இனிமே கேமராவும் போகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திடாதீங்க."

கம்பெனி ஆள் தன் ஸ்கோப்பில் கழுவுகிற தொல்லையே கிடையாது என்றார். அது உண்மை என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். எதிர்ப்பு சக்தியே இல்லாத நோயாளிகளுக்கு அதுதான் நல்லது, இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சிபாரிசும் செய்தார். கம்பெனி ஆளுக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. டாக்டர் அப்போதுதான் பேசினார். எல்லோருக்கும் அதையே என்றால் அந்தச் செலவு நோயாளி தலையில்தான் விழும். அப்புறம் பாதிப்பேர் வலியை வாயில் அடக்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். முற்றிய பிறகு வந்து நிற்பார்கள். அவர்களையும் கிருமி கொன்ற கணக்கில்தான் சேர்க்கவேண்டும் என்றார்.

நிர்வாகி நெடுநேரம் அந்தக் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிவில் சொன்னது இது. ஃபோர்செப்ஸ் இனிமேல் ஒருமுறைக்குத்தான். ஸ்கோப்பின் உள்துளையை மாற்றப் பட்டறைக்கு அனுப்பலாம். திரும்பி வந்ததும் மூன்று முறை கழுவி மூன்று முறை லேபுக்கு அனுப்பவேண்டும். மூன்றிலும் எதுவும் வளரக்கூடாது. ஒன்றில் வளர்ந்தாலும் அறை கிடங்காகும்.

அன்று மாலை அப்பா அலமாரியிலிருந்த ஃபோர்செப்ஸ் அத்தனையையும் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டியில் தன் கையாலேயே போட்டார். ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் பிடியை ஒருமுறை அழுத்தி வாயைத் திறந்து மூடிப் பார்த்தார். நல்லா வேலை செய்யுதே சிஸ்டர் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். போடுங்கண்ணே என்று தலைமை நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் சொன்னார். அந்த முள்ளெழுந்த கம்பியை மட்டும் நீராவியில் வைத்து, உறையிலிட்டு, வீட்டுக்கு எடுத்துவந்தார். மகள் அதை உருப்பெருக்கியில் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தாள். பார்த்ததும் திருப்பித் தந்துவிடவேண்டும், வீட்டுக் குப்பையில் போடக்கூடாது, ஆஸ்பத்திரிப் பெட்டியில்தான் போடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

ஸ்கோப் பட்டறையிலிருந்து வந்தது. மகளின் கேமரா மறுபடி உள்ளே போனது, இந்த முறையும் காலை முழுவதும் குளித்துவிட்டு. இம்முறை நுனிவரைக்கும் பளிங்கு. அப்பா கழுவினார். லேபில் முதல் கழுவலின் தண்ணீரைக் கண்ணாடித்தட்டில் வைத்துக் காத்திருந்தார்கள். எதுவும் வளரவில்லை. இரண்டாவது தட்டிலும் வளரவில்லை. மூன்றாவதுக்குக் காத்திருந்த நாட்களில் அவர் வீட்டில் யாரையும் பேசவிடவில்லை. அம்மா ஜன்னலோரத் தொட்டியில் நட்டிருந்த செடியில் துளிர் விட்டதைச் சொல்லப்போய், எது வளர்ந்ததா இருந்தாலும் எனக்கு இப்போ சொல்லாதே என்று வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

மூன்றாவதன் முடிவு வந்த அன்று மகளும் கழுவும் அறையில் இருந்தாள். கேமராவைத் திருப்பி எடுத்துப்போக வந்திருந்தாள். அப்பா தொட்டியில் முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டிருந்தார். லேபில் வேலை பார்ப்பவர் காகிதத்தோடு தாழ்வாரத்தில் நடந்துவந்தார். அறைவரைக்கும் வரப் பொறுமை இல்லாமல் பாதியிலேயே நின்று சொன்னார்.

"அண்ணே, ஒண்ணும் வளரலை."

அப்பா கையை எடுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

லேப்காரர் இன்னொரு தடவை சொன்னார். அதற்குள் தலைமை நர்ஸ் வந்துவிட்டார். லிஃப்ட்காரர் லிஃப்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார். மேல்மாடியில் யாரோ பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. ஒன்ஸ்மோர் என்று யாரோ ஆரம்பித்தார்கள். லேப்காரர் பாடகர் மாதிரி நெஞ்சில் கைவைத்துக் குனிந்துவிட்டு மூன்றாம் தடவையும் சொன்னார். டாக்டர் வந்து, உள்ளே நோயாளி படுத்திருக்கார், கொஞ்சம் மெதுவா கொண்டாடுங்க என்றார். சொல்லிவிட்டு அவரும் நின்றார். அப்பா கையிலிருந்த ஸ்கோப்பை அலசி, காற்றடித்து, கண்ணாடி அலமாரியில் மாட்டி, கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் திரும்பினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. தண்ணீர் தெறித்துவிட்டது என்றார்.

அன்று லிஃப்டில்தான் இறங்கினார்கள். தெருவைக் கடந்து சலூனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். சலூன்காரர் நாற்காலியைத் தட்டி, உக்காருங்கண்ணே, அன்னிக்கு விட்ட தாடை பாக்கி இருக்கு என்றார். உறையைக் கிழித்துப் புதுப் பிளேடை அப்பாவின் கண்ணெதிரே மாட்டினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். அதன்பிறகு அவர் வேறெங்கும் முகம் மழித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு சலூன்காரர் மறுபரிசோதனைக்கு வந்தபோது, எந்த ஸ்கோப் என்று டாக்டர் கேட்டதற்கு, அண்ணன் கழுவினதா இருக்கணும், கம்பி புதுசா இருக்கணும் என்றாராம். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் அப்பா இதை அந்த வாரம் முழுக்கச் சொன்னார்.

அவர் இறந்தபின் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் நிர்வாகியும் இருந்தார். கழுவும் அறை நடக்கிறது என்றார். இப்போது ஸ்கோப்புக்குள் பார்க்க ஆஸ்பத்திரியே ஒரு மெல்லிய கேமரா வாங்கியிருக்கிறது. அதையும் கழுவித்தான் உள்ளே விடுகிறார்கள். போகும்போது வாசலில் கிடந்த ஷூவைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார்.

எல்லோரும் போனபிறகு மகள் அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். மேல்தட்டில் பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே உறைக்குள் அந்த ஃபோர்செப்ஸ். சுருள் கோணாமலிருக்க, அவர் வழக்கப்படி, தளர்வாகச் சுற்றியிருந்தது. உறையைப் பிரித்துப் பிடியை அழுத்தினாள். குட்டி வாய் சத்தமில்லாமல் திறந்தது. சத்தமில்லாமல் மூடியது. எண்ணெய் விட்டிருக்கிறார்.

அம்மா வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். மஞ்சள் பெட்டியில் போடவேண்டியது அது ஒன்றுதான் பாக்கி என்று இருவருக்கும் தெரியும்.

"ஆஸ்பத்திரிப் பக்கம் போறப்போ எடுத்துட்டுப் போயிடறியாம்மா?"

மகள் கம்பியைச் சுற்றி டின்னுக்குள் வைத்து மூடியை அழுத்தினாள்.

"நாளைக்கும்மா" என்றாள்.